காரைவிட்டு இறங்காத ஆறாவது பயணி

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெரியம்மா மகன் அண்ணன்தான் கார் ஓட்டினார். முன்னால் பெரியம்மா. பின்னால் அம்மா, தம்பி, நான். பூட்டில் எங்கள் பைகளுக்கு இடமில்லை. அண்ணனின் 'சிஸ்டம்' அங்கே இருந்தது. பைகளை எங்கள் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டோம்.

மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்தால் ஜெலாப்பாங் வரை சாலை வளைந்து வளைந்து இறங்கும். அந்த வழியாகப் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்க, அண்ணன் சட்டென்று எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார். காரின் பின்பகுதி வெளிப்புறமாக ஒரு வீச்சு வீசியது. அண்ணன் ஸ்டீரிங்கைத் திருப்பிச் சமாளித்துவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால், அந்த இரண்டு விநாடிகளில் அம்மா என் கையைப் பிடித்த பிடியின் தடம் வீடு போய்ச் சேரும் வரை மறையவில்லை.

"மழைக்கு ரோடு வழுக்கிருச்சு, பாப்பா. வேற ஒண்ணுமில்ல," என்றார் அண்ணன். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைத் தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு போட்டுக்கொண்டு கார் ஓட்டும் நம் இளைஞர்கள் எல்லாரையும் பொறுப்பற்றவர்கள் என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணன் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, மாதாமாதம் பணம் சேர்த்து, தன் கையாலேயே மரம் அறுத்து அந்தப் பெட்டியைச் செய்தவர். அது அவருடைய கலை. ஆகவே, 'சத்தம் போடாதே' என்று அறிவுரை சொல்ல நான் வரவில்லை. அந்தக் கலைக்கு எடை உண்டு. அந்த எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டோமா என்பதே என் கேள்வி.

பழைய இரும்புக் கடைத் தராசு

தீபாவளி முடிந்த வாரம், எங்கள் தாமானுக்குப் பக்கத்திலுள்ள பழைய இரும்புக் கடைக்கு அண்ணனை அழைத்துப் போனேன். அங்கே தரையோடு பதித்த தராசு இருக்கிறது. கடைக்கார மாமா, "என்னம்மா, விக்கிறதுக்கா?" என்று கேட்க, அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்!

12 அங்குல ஊஃபர் இரண்டு பொருத்திய எம்.டி.எஃப். மரப்பெட்டி: 58 கிலோ. ஆம்பிலிஃபையர்: 6 கிலோ. கூடுதலாகப் போட்டிருந்த இரண்டாவது பேட்டரி: 15 கிலோ. தடித்த கேபிள்களும் பலகையும்: 3 கிலோ. மொத்தம் 82 கிலோ. அண்ணனே தராசில் ஏறி நின்றார்: 74 கிலோ. அவரைவிட அவருடைய சிஸ்டம் கனமாக இருந்தது.

இதில் வியப்பில்லை. எம்.டி.எஃப். பலகையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 முதல் 750 கிலோ. பெட்டி அதிராமல் இருப்பதற்காக 18 மில்லிமீட்டர் தடிப்பில் செய்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட பெட்டிக்கு மரம் மட்டுமே ஏறக்குறைய 27 கிலோ வரும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதற்குள் காந்தமும் இரும்புச் சட்டகமும் கொண்ட ஊஃபர்கள் சேர்கின்றன. போட்டிக்குச் செல்லும் கார்களில் இந்த எடை இன்னும் பல மடங்காகும்.

அண்ணனுடையது முதல் தலைமுறை மைவி. அதன் வெற்று எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் 82 கிலோ என்பது காரின் எடையில் எட்டு, ஒன்பது விழுக்காடு. "ஒரு ஆள் கூட ஏறின மாதிரிதானே?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பயணியின் எடையைத் தாங்காத கார் எதுவுமில்லை. ஆனால், இந்தப் பயணிக்கும் மற்றப் பயணிகளுக்கும் மூன்று வேறுபாடுகள் இருக்கின்றன. இவர் காரைவிட்டு இறங்குவதே இல்லை. இவர் உட்காரும் இடம் இருக்கை அல்ல. இவர் பாதுகாப்பு வார் அணிவதும் இல்லை.

எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

ஐந்து இருக்கை கொண்ட ஒரு சிறிய காரின் ஸ்பிரிங், டயர், பிரேக் ஆகியவை ஐந்து பேரையும் அவர்களின் பைகளையும் மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. அன்று நாங்கள் ஐந்து பேர். சிஸ்டத்தையும் சேர்த்தால் ஆறு பேர். அந்த ஆறாவது பயணி அச்சுகளுக்கு நடுவில் இல்லை, பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கீழ்ப்படிவ அறிவியலில் படித்த நெம்புகோலை நினைத்துப் பாருங்கள். மைவியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 82 கிலோவின் மையம் பின் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், பின் அச்சே தாங்குபுள்ளி. பின் அச்சின் மீது 90 கிலோ கூடுகிறது. முன் அச்சிலிருந்து 8 கிலோ குறைகிறது. 8 கிலோ பெரிதில்லைதான். ஆனால், திசை திருப்புவது, காரை இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்று வேலைகளையும் செய்பவை முன்சக்கரங்கள்தாம். எடை கூடக் கூட, அவற்றை இன்னும் பின்னால் தள்ளி வைக்க வைக்க, இந்தக் குறைவும் வளர்ந்துகொண்டே போகும்.

அடுத்தது, வால் வீசுவது. ஒரு நீளமான துடைப்பத்தின் நுனியில் ஈரத்துணியைக் கட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆரம்பிக்கவும் சிரமம், ஆடத் தொடங்கிய பிறகு நிறுத்தவும் சிரமம். அதே துணியைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பொருளின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. சுழலும் பொருளில் எடையின் விளைவு, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. எனவே, காரின் எடையில் ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் சிஸ்டம், வால் பகுதியில் இருப்பதால், கார் திரும்பும்போது அதைவிடக் கூடுதலான பாதிப்பைத் தருகிறது.

மெனோரா வளைவில் நடந்தது இதுதான். இறக்கத்தில் எண்ணெய் மிதியை விட்டதும் காரின் சுமை முன்னோக்கிச் சாய்ந்தது. பின் டயர்களின் பிடிப்பு குறைந்த அதே நொடியில், பின்னால் இருந்த கனம் வளைவில் திரும்பாமல் நேராகப் போக முயன்றது. மீதியை ஈரச்சாலை செய்தது. சிஸ்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். வேகம் இருந்தது, மழை இருந்தது, பின் டயர்களும் தேய்ந்திருந்தன. ஆனால், எல்லாக் காரணங்களும் ஒரே வளைவில் ஒன்றுகூடின. அவற்றில் இந்த ஒன்றை மட்டும் நாங்களே விலை கொடுத்து வாங்கியிருந்தோம்.

டயரில் அடிக்கும் காற்றையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டு இருக்கும். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். நிறையச் சுமை ஏற்றும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று தேவைப்படும் கார்களும் உண்டு. அண்ணன் கார் வாங்கிய நாள் முதல் நான்கு டயருக்கும் ஒரே அளவுதான் அடித்து வந்தார். சுமை கூடியும் காற்று கூடாவிட்டால் டயரின் பக்கச் சுவர் அதிகமாக வளைந்து சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

எதிரே வருபவரின் கண்ணில்

சிஸ்டத்தை இறக்குவதற்கு முன்பும் பின்பும், பின் சக்கரத்தின் மேல் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். வேறுபாடு 2 சென்டிமீட்டர். "ரெண்டு சென்டிதானே!" என்று அண்ணன் சிரித்தார்.

இரண்டரை மீட்டர் நீளத்தில் பின்பக்கம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்தால், காரின் மூக்கு நூற்றுக்கு 0.8 என்ற சரிவில் மேல்நோக்கும். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி, வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதாவது, அந்தச் சாய்வின் பெரும்பகுதியைச் சிஸ்டம் மட்டுமே தின்றுவிட்டது. பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறியதும் மீதியும் போய்விட்டது. சிஸ்டத்தால் மட்டும், 50 மீட்டர் தூரத்தில் ஒளி 40 சென்டிமீட்டர் மேலே எழும்பியது. எதிரே வருபவரின் கண் இருக்கும் உயரத்தை நோக்கி அது ஏறுகிறது.

பழைய சாலையில் இரவில் ஓட்டும்போது எதிரே வருபவர்கள் ஏன் அடிக்கடி தமக்கு விளக்கடித்துக் காட்டுகிறார்கள் என்பது அண்ணனுக்கு நீண்டநாள் புதிராக இருந்தது. பாட்டுச் சத்தத்துக்காகத் திட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தாராம்!

இது சிரிப்பதற்குரிய விஷயம் மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்பவர்கள். மழை நேரத்தில், தலைக்கவசக் கண்ணாடியில் நீர்த்துளிகளோடு எதிரே வரும் ஒருவருக்கு, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மோதினால் அந்தப் பெட்டி என்ன ஆகும்?

என்னை உண்மையாகவே பயமுறுத்திய கணக்கு இதுதான். படிவம் நான்கு இயற்பியலில் உந்தம், கணத்தாக்கம் பற்றிப் படித்திருப்பீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. அது ஒரு தடுப்பில் மோதி, முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் வேகக்குறைவு புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. 58 கிலோ பெட்டியை அதன் இடத்திலேயே பிடித்து நிறுத்த, 1,100 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசை தேவை. அது மைவியின் எடையைவிட அதிகம்.

அந்த விசையைத் தாங்குவதற்கு அண்ணனின் பெட்டியில் என்ன இருந்தது? இரண்டு சிறிய எல் வடிவ இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மரத் திருகாணிகள், அவ்வளவுதான். அவை பிடுங்கிக்கொண்டால் பெட்டி நேராக வந்து மோதுவது பின்னிருக்கையின் முதுகில். அந்த முதுகின் மறுபக்கத்தில் அம்மா, தம்பி, நான். இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த வேகத்தில் பெட்டிக்கு இருக்கும் ஆற்றல், அதே பெட்டியைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே போடுவதற்குச் சமம்.

பின்னிருக்கையில் அமர்பவர்களும் பாதுகாப்பு வார் அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் சட்டம். அன்று நாங்கள் மூவரும் அணிந்திருந்தோம். ஆனால், வார் முன்னால் பாய்வதிலிருந்துதான் நம்மைக் காக்கும். பின்னாலிருந்து வருவதற்கு இருக்கையின் முதுகைத் தவிர வேறு காப்பு இல்லை.

கேட்க வேண்டியது கேட்காமல் போனால்

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கோலகங்சார் தாண்டியதும் பின்னால் வந்த ஆம்புலன்ஸ் எங்களுக்கு மிக அருகில் வரும்வரை யாருக்குமே கேட்கவில்லை. தம்பி தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னான். பலமான தாழ்ந்த ஒலி, அதைவிட உயர்ந்த ஒலிகளையும் காதில் படாமல் மூடிவிடும் தன்மை கொண்டது. சைரனும் மோட்டார் சைக்கிளின் ஹாரனும் அப்படித்தான் தொலைந்துபோகின்றன. அந்த ஆம்புலன்ஸில் இருந்தவர் யாருடைய அம்மாவோ, யாருடைய தாத்தாவோ.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம் என்று இறங்கி, 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு 15 நிமிடத்தில் போக முடியாது.

மின்சாரமும் சும்மா வருவதில்லை. 1,000 வாட் உண்மையான வெளியீடு தரும் ஆம்பிலிஃபையர், உச்சத்தில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வகையாக இருந்தால் 120 ஆம்பியர்கூட. பேட்டரிக்கு அருகிலேயே, 45 சென்டிமீட்டருக்குள், தகுந்த ஃபியூஸ் இல்லாமல் அந்தக் கேபிள் இரும்புச் சுவரில் உரசினால் தீப்பிடிக்கும். மலிவு விலையில் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி, அதே தடிப்புள்ள செம்புக் கம்பியைவிட அதிகம் சூடாகும். அண்ணனின் காரில் ஃபியூஸ் இருந்தது. ஆனால், பூட்டில், ஆம்பிலிஃபையருக்குப் பக்கத்தில். பேட்டரியிலிருந்து பூட் வரை வரும் முழுக் கேபிளுக்கும் பாதுகாப்பே இல்லை.

யார் பார்க்கிறார்கள்?

காரின் கட்டமைப்பை மாற்ற விரும்பினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டி வைப்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. ஆனால், நடைமுறையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்களைப் போலத் தனியார் கார்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனை இல்லை. உரிமை மாற்றும்போதுதான் கார் பரிசோதனை மையத்துக்குப் போகும். விற்பதற்கு முன்பு யாரும் சிஸ்டத்தைக் காரிலேயே விட்டுவைப்பதில்லை! ஆக, பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிஸ்டத்தை அதைப் பொருத்தியவரைத் தவிர வேறொருவர் பார்க்காமலேயே போகலாம்.

சாலைத் தடுப்புச் சோதனையில் அபராதம் எழுதுவதால் மட்டும் இது தீராது. சத்தத்தை அதிகாரி கேட்க முடியும். திருகாணியின் நீளத்தை அவரால் கேட்க முடியாது. ஒலிச்சாதனம் பொருத்தும் கடைகள், எடை எவ்வளவு, எங்கே எப்படி இறுக்கப்பட்டது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுப்பதை வழக்கமாக்கினால் நல்லது. எரிவாயு அடுப்பு வாங்கினால்கூடக் கையேடு தருகிறார்களே. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இத்தகைய மாற்றங்களைத் தெரிவிப்பதும் நம் கடமை. தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

அண்ணன் செய்தது

இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் காட்டினேன். நெம்புகோலுக்கு அவர் தலையாட்டினார். விளக்குக் கணக்குக்குச் சிரித்தார். மூன்றாவது மாடிக் கணக்கில் பேச்சை நிறுத்திவிட்டார். சற்று நேரம் கழித்து, "பின்னால யார் உட்கார்ந்திருந்தீங்க அன்னைக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாததல்ல. நான் பதில் சொல்லவில்லை.

அவர் இசையைக் கைவிடவில்லை. கைவிடச் சொல்லி நானும் கேட்கவில்லை. பெரிய பெட்டி இப்போது பெரியம்மா வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. "சாமி மேடையவிடப் பெருசா இருக்கு," என்று பெரியம்மா புலம்புகிறார். காரில் ஒரே ஒரு சிறிய ஊஃபர். தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரும்புக் கடைத் தராசில் புதிய சிஸ்டம் மொத்தம் 17 கிலோ. ஸ்பேர் டயரையும் ஜாக்கியையும் இப்போது கையை நீட்டி எடுக்கலாம். முன்பென்றால், அவசரத் தடத்தில் லாரிகள் பறக்கும்போது 58 கிலோ பெட்டியை முதலில் இறக்கியாக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் இருக்கலாம். உங்கள் அண்ணன், நண்பர், அல்லது நாளை வேலைக்குப் போனதும் நீங்களே வாங்கப்போகும் கார். சண்டை போடாமல் ஐந்து கேள்விகள் மட்டும் கேளுங்கள். மொத்த எடை எவ்வளவு? எதில் இறுக்கியிருக்கிறது, தகட்டிலா, தரைவிரிப்பிலா? ஃபியூஸ் எங்கே? பின் டயரில் காற்று எவ்வளவு? விளக்கு எங்கே பார்க்கிறது? பல கார்களில் விளக்கின் உயரத்தைச் சரிசெய்யச் சிறிய திருகுச் சக்கரம் ஸ்டீரிங் பக்கத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் பட்டறையில் சரிசெய்து தருவார்கள்.

போன வாரம் அதே குடும்பத்தோடு, அதே சாலையில், மறுபடியும் ஈப்போவுக்குப் போனோம். மெனோராவைக் கடந்ததும் அண்ணன் தாமாகவே ஒலியைக் குறைத்தார். மழைத்துளி கண்ணாடியில் விழும் சத்தம் கேட்டது. பைகள் எல்லாம் பூட்டில் இருந்தன. அம்மாவின் மடியில் எதுவும் இல்லை, தூங்கிவிட்டார்.